ஃப்ரீசரில் ஒரு முதல் பதிப்பு

போன வாரம் மருமகளைத் திட்டிக் கடிதம் போட்டவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் யாரையும் கேட்காமல் பழைய ஃப்ரிட்ஜைக் கடைக்காரரிடம் தூக்கிக் கொடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றை வாங்கி வைத்தாள், உண்மைதான். ஆனால் எதற்காகச் செய்தாள்? கண் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வரும் மாமியார் நிம்மதியாகப் படுக்கட்டும் என்றுதான். அந்தப் பழைய ஃப்ரிட்ஜ் இருபத்திரண்டு வருஷமாகச் சமையலறையில் நின்று லாரி மாதிரி உறுமிக்கொண்டிருந்தது. நல்லது செய்யப் போய் வம்பை விலைக்கு வாங்குவது மருமகள்களின் தலையெழுத்து, அதை நான் எழுதவில்லை.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மாமியார் ஓய்வு பெற்ற புரூஃப் ரீடர். அச்சுக்குப் போகும் பக்கங்களில் தப்புப் பார்த்துப் பார்த்தே கண்ணைக் கெடுத்துக்கொண்டவர். முதல் பதிப்புகள் சேர்ப்பதுதான் அவருக்கு மூச்சு. ஒரு புத்தகம் முதன்முதலில் அச்சானபோது வந்த பிரதி எதுவோ அதுதான் வேண்டும்; அப்புறம் ஐம்பது தடவை அச்சாகியிருந்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டார். மாடி அறை முழுக்க அலமாரி, அலமாரி முழுக்க ஆயிரத்துச் சொச்சம் புத்தகம்.

மருமகள் ஒரு மருத்துவமனையின் தடுப்பூசிக் கிடங்கைப் பார்த்துக்கொள்கிறவள். கை கழுவாமல் கதவைத் தொட்டால்கூட ஒரு பார்வை பார்ப்பாள். இந்த இரண்டு பேரும் மூன்று வருஷமாக ஒரே கூரைக்குக் கீழே, சண்டையும் இல்லாமல் சிரிப்பும் இல்லாமல், "சாப்பிட்டீங்களா அத்தை", "ஆச்சும்மா" என்று ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

அன்று காலை ஒன்பது மணிக்குப் பழைய ஃப்ரிட்ஜ் லாரியில் ஏறிப் போய்விட்டது. பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து புருஷன் போன் செய்தான். ஃப்ரீசரில் இருக்கிற பாக்கெட்டை எடுத்துக் கீழ்த்தட்டில் வைக்கும்படி அப்பாவிடம் சொல்லச் சொல்கிறாராம் அம்மா. எந்த ஃப்ரீசர், என்ன பாக்கெட் என்று மருமகள் கேட்டதோடு போன வாரம் நிறுத்தியிருந்தேன்.

புருஷன் மென்று விழுங்கிச் சொன்னது இதுதான். இரண்டு வாரத்துக்கு முன்னால் அம்மாவுக்குத் தபாலில் ஒரு பழைய நாவல் வந்தது. முதல் பதிப்பு. வருஷக்கணக்காகத் தேடியது. உறையைப் பிரித்தால் முதுகுத்தையலில் பூச்சி, உயிரோடு நெளிகிறது. அப்படியே மாடிக்குக் கொண்டுபோனால் ஆயிரம் புத்தகத்துக்கும் பரவிவிடும். பழைய புத்தகம் சேர்க்கிறவர்கள் இதற்கு ஒரு வைத்தியம் வைத்திருக்கிறார்கள். புத்தகத்தை உறிஞ்சுதாளில் சுற்றி, இரண்டு பிளாஸ்டிக் உறைக்குள் காற்றுப் புகாமல் ஒட்டி, பதினைந்து நாள் ஃப்ரீசரில் போட்டுவிட்டால் பூச்சி முட்டையோடு செத்துப்போகும். அம்மா அதை ஃப்ரீசரின் கோடியில் திணித்து வைத்திருந்தார். இன்றைக்குப் பதினைந்தாவது நாள்.

"பதினஞ்சு நாளா உங்களுக்குத் தெரியுமா?"

"சொல்லணும்னுதான் இருந்தேன். அம்மாதான்..." என்று இழுத்தான்.

மருமகள் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். காலையில் அவள்தான் தன் கையால் எல்லாவற்றையும் எடுத்து வெளியே வைத்தாள். ஃப்ரீசரில் ஐஸ் சுவர் மாதிரி கட்டியிருந்தது. கோடியில் வெள்ளையாக ஒரு மேடு. ஐஸ்தானே, போகிற இடத்தில் உருகிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள். அந்த மேடுதான் புத்தகம்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது மாமியார் அபூர்வமாக அவளிடம் வாய்விட்டு ஒரு வார்த்தை பேசியிருந்தார். கண் தெளிந்ததும் முதலில் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது, அதற்காகத்தான் இந்த ஆபரேஷனுக்கே சம்மதித்தேன் என்று. பேரப்பிள்ளைக்கு அடி போடுகிறார் போலிருக்கிறது என்று மருமகள் நினைத்துக்கொண்டாள். இப்போதுதான் புரிந்தது. சாயங்காலம் நாலு மணிக்கு மாமியார் டிஸ்சார்ஜ். அதற்குள் அந்தப் புத்தகம் கிடைக்க வேண்டும். அதுவும் நனையாமல் கிடைக்க வேண்டும். யாராவது கண்டெடுத்து, என்னவோ ஏதோ என்று சில்லென்று இருக்கும்போதே உறையைப் பிரித்துவிட்டால் போச்சு. வெயில் காலக் காற்று பட்டதும் தாளெல்லாம் வியர்க்கும். நாளெல்லாம் தடுப்பூசிக் குப்பிகளோடு மாரடிக்கிறவளுக்கு அதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆஸ்பத்திரியில் மாற்றுத்துணி கொடுத்துவிட்டு மாமனார் அப்போதுதான் வாசலில் வந்து இறங்கினார். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். ரோட்டில் எவனுக்கும் பயப்பட மாட்டார், வீட்டில் ஒரே ஒருத்தருக்குத்தான் பயம். சமையலறையில் பளபளவென்று நின்ற புது ஃப்ரிட்ஜைப் பார்த்ததுமே பேயறைந்த மாதிரி ஆகிவிட்டார். ஆக, அவருக்கும் பாக்கெட் விஷயம் தெரியும். வீட்டில் தெரியாத ஒரே ஆள் தான்தான் என்பது மருமகளுக்குச் சுருக்கென்று தைத்தது. கோபப்பட அப்போது நேரமில்லை.

"வண்டியை எடுங்க மாமா," என்றாள். கிடங்கில் கழித்துக்கட்டிய பழைய குளிர்ப்பெட்டி ஒன்று வீட்டில் இருந்தது. தண்ணீர் பாட்டில் எடுத்துப்போக வைத்திருந்தது. அதைத் துடைத்துக் கையில் எடுத்துக்கொண்டாள்.

மாமனார் ஓட்டும் காரில் போயிருக்கிறீர்களா? போகாதீர்கள். எத்தனை அவசரமானாலும் கண்ணாடியில் பின்னால் பார்த்து, எல்லாரும் உட்கார்ந்தாயிற்றா என்று உறுதி செய்துகொண்டுதான் கிளப்புவார். பஸ் ஸ்டாப்பைக் கண்டால் கால் தானாகப் பிரேக்கை மிதிக்கும். அன்றைக்கும் அப்படித்தான், மூன்றாவது ஸ்டாப்பில் நிறுத்தியபோது பையோடு நின்ற ஒரு அம்மாள் கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்துவிட்டாள். மருமகள் மன்னிப்புக் கேட்டு இறக்கிவிட வேண்டியிருந்தது.

கடையில் கையை விரித்தார்கள். பழசெல்லாம் நேரே குடோனுக்குப் போய்விடும் என்று ஒரு விலாசம் எழுதிக் கொடுத்தார்கள். குடோனுக்குப் போனால் நாற்பது ஃப்ரிட்ஜ்கள் ஆஸ்பத்திரி வராந்தாவில் நோயாளிகள் காத்திருக்கிற மாதிரி வரிசையாக நிற்கின்றன. எல்லாம் ஒரே மாதிரி வெள்ளை. மருமகள் ஒரு வரிசை, மாமனார் ஒரு வரிசை என்று ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்த்தார்கள். தங்கள் ஃப்ரிட்ஜின் கதவில் ஒரு பள்ளம் இருக்கும், மாமனார் ஒருமுறை நாற்காலியோடு சரிந்து தலையால் முட்டியது. அந்தப் பள்ளம் எதிலும் இல்லை. குடோன்காரர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பத்தரை மணிக்கே கேஸ் அக்கா மூன்று ஃப்ரிட்ஜ் எடுத்துப்போனதாகச் சொன்னார். ஃப்ரிட்ஜுக்கு கேஸ் அடித்து ரிப்பேர் செய்து விற்கிறவளாம். கொண்டுபோனதும் முதல் வேலையாக வெந்நீரைப் பீய்ச்சி ஐஸைக் கரைப்பாள் என்று வேறு சேர்த்துச் சொன்னார்.

மாமனார் பக்கத்திலிருந்த மரப்பெட்டியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். தன் கல்யாண வாழ்க்கை முப்பத்தேழாவது வருஷத்தில் முடியப்போகிறது என்றார். மருமகள் அவர் கையைப் பிடித்து எழுப்பி வண்டியில் ஏற்றினாள்.

இதற்குள் ஆஸ்பத்திரியில் என்ன நடந்தது என்று பார்த்துவிட்டு வந்துவிடுவோம்.

மகனுக்கு மனைவியிடமிருந்து ஒரே ஒரு உத்தரவு, நான் சொல்கிற வரைக்கும் அத்தையைக் கிளப்பாதீர்கள் என்று. பொய் சொல்லத் தெரியாத பிள்ளையைப் பெறுவது பாக்கியம்தான், ஆனால் இந்த மாதிரி நாளில் அது ஒரு கஷ்டம். காரில் பஞ்சர் என்று ஆரம்பித்தான். இடது கண்ணில் மூடியோடு படுத்திருந்த மாமியார், முப்பது வருஷம் பஸ் ஓட்டியவருக்கு ஒரு பஞ்சர் ஒட்ட இவ்வளவு நேரமா என்று கேட்டார். நாலு சக்கரமும் பஞ்சர் என்றான். நாலுமா என்றார். அதற்குமேல் அவனால் முடியவில்லை, டாக்டரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வராந்தாவுக்கு ஓடிவிட்டான். மாமியார் இன்னொரு கண்ணால் கதவையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். பக்கங்களில் தப்புக் கண்டுபிடித்தவருக்குப் பெற்ற பிள்ளையின் முகத்தில் கண்டுபிடிக்கத் தெரியாதா?

கேஸ் அக்காவின் பட்டறை ஒரு சந்தின் முடிவில் இருந்தது. தகரக் கூரை, சுவரோரம் சிலிண்டர்கள், தரையெல்லாம் ஈரம். நடுவில் அந்தப் பள்ளம் விழுந்த கதவு தனியாகக் கழற்றிச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் கதவில்லாத ஃப்ரிட்ஜ். ஃப்ரீசரிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது. மருமகள் குனிந்து பார்த்தாள். ஒரு துளி ஐஸ் இல்லை. பாக்கெட்டும் இல்லை.

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. மூன்று வருஷத்தில் மாமியார் தன்னிடம் எதையும் கேட்டதில்லை, ஒன்றே ஒன்றைப் பார்க்க வேண்டும் என்றார், அதையும் நான் லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டேனே என்று மனசு அடித்துக்கொண்டது. ஃப்ரிட்ஜின் பக்கவாட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

வெந்நீர்க் குழாயைக் கீழே போட்டுவிட்டுக் கேஸ் அக்கா வந்தாள். ஐம்பது வயதிருக்கும், ஆண்பிள்ளைச் சட்டை, தலையில் துண்டு. என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டாள். பாக்கெட் என்றதும் இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்தாள். பிறகு பட்டறை மூலையைக் காட்டினாள். அங்கே பூட்டுப் போட்ட ஃப்ரீசர் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது.

அந்தப் பெட்டியைப் பற்றி அவள் சொன்னதைக் கேட்டால் உங்களுக்கும் ஆச்சரியமாக இருக்கும். மனுஷர்கள் ஃப்ரீசரில் வைக்காத பொருளே கிடையாதாம். திருடனுக்குப் பயந்து மோதிரம், புருஷனுக்குப் பயந்து கடிதம், பெண்டாட்டிக்குப் பயந்து சாவி. வைத்ததை மறந்துவிட்டு ஃப்ரிட்ஜைத் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள். இவள் ஐஸ் கரைப்பதற்கு முன்னால் கையை விட்டுத் துழாவிப் பார்ப்பாள். எது அகப்பட்டாலும் பிரிக்க மாட்டாள். குளிரிலிருந்து வந்தது குளிரிலேயே இருக்கட்டும் என்று இந்தப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவாள். மருந்தாக இருந்தால் கெட்டுப்போகக் கூடாதே என்கிற எண்ணம்.

கேட்கக் கேட்க மருமகளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்த அக்காவின் ஈரக் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது.

"கொடுங்கக்கா. எங்களோடதுதான்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க," என்றாள் கேஸ் அக்கா. ஒருமுறை ஒரு சங்கிலியை வந்து கேட்டவனிடம் நம்பிக் கொடுத்துவிட்டாளாம். மறுநாள் உண்மையான சொந்தக்காரி வந்து வாசலில் உட்கார்ந்து அழுதாளாம். அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறாள். உள்ளே என்ன இருக்கிறது, எப்படிச் சுற்றியிருக்கிறது, இரண்டையும் சரியாகச் சொன்னால்தான் பூட்டுத் திறக்கும்.

மருமகள் புத்தகம் என்றாள். புத்தகம் என்பது தொட்டுப் பார்த்தாலே தெரிகிறது, என்ன புத்தகம் என்று கேட்டாள் கேஸ் அக்கா.

மருமகள் மாமனாரைப் பார்த்தாள். மாமனார் கூரையைப் பார்த்தார். நாவல் என்றார். சிவப்பு அட்டை என்றார். உடனே, இல்லை பச்சையோ என்னவோ என்றார். கதையின் பெயர் அவருக்குத் தெரியவில்லை. எழுதியவர் பெயரும் தெரியவில்லை. முப்பத்தேழு வருஷம் குடித்தனம் நடத்திய மனுஷர், பெண்டாட்டி வருஷக்கணக்காகத் தேடிய புத்தகத்தின் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. மருமகளுக்கும் அவரைக் குறை சொல்ல வாயில்லை. அவளும்தான் ஒரு நாளும் மாடிக்குப் போய், இது என்ன அத்தை என்று கேட்டதில்லை. தூசி அதிகம் என்று சாக்குச் சொல்லிக்கொண்டு கீழேயே இருந்துவிட்டாள்.

"உங்க வீட்டுப் பொருள்ங்கறீங்க. பேர் தெரியலைங்கறீங்க," என்றாள் கேஸ் அக்கா. கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் சாவியை எடுத்து மடியில் செருகிக்கொண்டாள்.

மணி மூன்றே கால். தெரிந்தவர் ஒரே ஒருத்தர்தான். புருஷன் மூலமாக நைஸாகக் கேட்டுச் சொல்லச் சொல்லலாமா என்று மாமனார் யோசனை சொன்னார். இவர் மகன் நைஸாகக் கேட்கிற லட்சணம்தான் தெரியுமே. தவிர, மருமகளுக்கு அந்த நிமிஷத்தில் ஒளிந்து விளையாடுவது அலுத்துப்போயிற்று. நேராகப் போன் போட்டாள், அத்தையிடம் கொடுங்கள் என்றாள். புருஷன் பதறினான். கொடுங்க என்றாள் மறுபடியும்.

"அத்தை, ஒரு தப்புப் பண்ணிட்டேன். உங்களைக் கேக்காம ஃப்ரிட்ஜை மாத்திட்டேன். உங்க புத்தகம் பழைய ஃப்ரிட்ஜோட போயிடுச்சு. எங்க இருக்குன்னு கண்டுபிடிச்சாச்சு. ஆனா பேர் சொன்னாத்தான் தருவாங்க. எனக்குப் பேர் தெரியல அத்தை."

மாமனார் இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டார்.

"பிரிச்சாங்களா?" என்று கேட்டார் மாமியார்.

"இல்ல அத்தை. ஃப்ரீசர்லயேதான் வெச்சிருக்காங்க."

"தண்ணி பட்டுதா?"

"உறை மேல ஐஸ் இருக்கும். உள்ள போயிருக்காது."

மாமியார் மூச்சு விடுவது போனில் நன்றாகக் கேட்டது. "அவங்ககிட்ட குடும்மா," என்றார்.

அப்புறம் நடந்ததைப் பார்த்திருக்க வேண்டும். கேஸ் அக்கா பெட்டியைத் திறந்து பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, பரீட்சை வைக்கிற வாத்தியாரம்மா மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டாள். மாமியார் ஒன்று விடாமல் சொன்னார். வெளி உறை கெட்டிப் பிளாஸ்டிக், நாலு ஓரமும் அகல டேப், வலது மூலையில் டேப் மடிந்திருக்கும். இரண்டு உறைக்கும் நடுவில் ஒரு துண்டுச் சீட்டு, அதில் புத்தகத்தின் பெயர், எழுதியவர் பெயர், வருஷம், முதல் பதிப்பு, வைத்த தேதி, எடுக்க வேண்டிய தேதி. அச்சுக்குப் போகிற பக்கத்தைப் படிக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னார். கேஸ் அக்கா விரலால் ஐஸைத் தேய்த்துத் தேய்த்துச் சீட்டைப் பார்த்தாள். ஒரு எழுத்து பிசகவில்லை.

பாக்கெட்டை மருமகள் கையில் வைத்துவிட்டுக் கேஸ் அக்கா போனில் இரண்டு நிமிஷம் கண் ஆபரேஷனைப் பற்றி விசாரித்தாள், கண்ணைக் கசக்காதீங்க என்றாள். காசு நீட்டிய மாமனாரை முறைத்தாள். மருமகள் பாக்கெட்டைக் குளிர்ப்பெட்டிக்குள் வைத்து மூடியை அழுத்தினாள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று மாமனார் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். சந்தோஷத்தில் ஒரு பஸ் ஸ்டாப்பிலும் நிறுத்தவில்லை. ஆஸ்பத்திரி வாசலையும் தாண்டிப் போய்விட்டார், திருப்பிக்கொண்டு வர வேண்டியதாயிற்று.

மாமியாரைக் கூட்டிக்கொண்டு ஐந்து மணிக்கு வீடு வந்து சேர்ந்தார்கள். காரில் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் என்ன நினைக்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை. நேராகச் சமையலறைக்குள் போய்ப் புது ஃப்ரிட்ஜுக்கு முன்னால் நின்றார். அதன் மேல் காதை வைத்துக் கேட்டார்.

"சத்தமே இல்லையே, ஓடுதா?" என்றார். ஓடுவதாக மகன் உத்தரவாதம் கொடுத்தான். நல்ல காரியம், பதினைந்து வருஷமாக உங்கப்பா வாங்குகிறேன் வாங்குகிறேன் என்று சொன்னது என்றார். மாமனாருக்கு நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அடி விழவில்லை என்று தெரிந்ததும் அப்பாவும் பிள்ளையும் ஆளுக்கொரு பக்கமாக நழுவிவிட்டார்கள்.

மருமகள் பாக்கெட்டை ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தாள். இன்று இரவு இங்கே இருக்கட்டும், காலையில் உறையோடு மேஜைமேல் வைத்துவிடலாம், மத்தியானத்துக்குள் அறைச் சூட்டுக்கு வந்துவிடும், அப்புறம்தான் பிரிக்க வேண்டும் என்றாள். மாமியார் தலையை நிமிர்த்தினார். இந்தக் கணக்கெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். தினமும் செய்கிற வேலைதான் அத்தை, குப்பிக்குப் பதில் புத்தகம் என்றாள் மருமகள். இது தெரியாமல் நான் பதினைந்து நாள் மனசுக்குள் பதறினேனே என்றார் மாமியார்.

அப்போதுதான் மருமகள் கேட்டாள். காலையிலிருந்து தைத்துக்கொண்டிருந்த முள் அது.

"எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. என்கிட்ட மட்டும் ஏன் சொல்லல அத்தை?"

மாமியார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"உனக்குப் பயந்துதான்," என்றார். "நீ கை கழுவாம தண்ணிகூட எடுக்க மாட்ட. உன் பால் பாத்திரத்துக்கு மேல பூச்சியோட புத்தகத்தை வெச்சிருக்கேன்னு எப்படிச் சொல்றது? அவங்க ரெண்டு பேரையும் சொல்லக் கூடாதுன்னு மிரட்டி வெச்சேன். தப்பு என்மேல."

மருமகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று வருஷமாக இவளும் அவருக்குப் பயந்துகொண்டு மாடிப்படி ஏறவில்லை. அதைச் சொன்னாள். மாமியாரும் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், சும்மா இரு என்று சொல்லிக்கொண்டே சிரித்தார். அந்தச் சமையலறையில் அந்த இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை. கூடத்தில் மாமனார் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஒட்டுக்கேட்டார்.

சிரிப்பு அடங்கியது. நாளைக்குப் பிரித்ததும் நீங்கள்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று மருமகள் சொன்னாள்.

"முடியாது. ஒரு வாரம் எதையும் படிக்கக் கூடாதுன்னுட்டாங்க. நீதான் பார்க்கணும்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நூத்திப் பன்னெண்டாம் பக்கம். ஒரு அம்மா, மகனுக்குக் கதவைத் திறந்து விடற இடம். பதினோரு வரி. அது இருக்கா இல்லையான்னு பார்த்துச் சொல்லு."

இருபத்து நாலு வயதில் அவர் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த அச்சகத்தில் அச்சான நாவல் அது. கடைசிச் சரிபார்ப்பு அவருடையது. புத்தகம் வெளிவந்த வாரத்தில் முதலாளி கூப்பிட்டார். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு பாரா முழுசாக விட்டுப்போயிருக்கிறது, இந்த லட்சணத்தில் நீ பார்த்தாயா, இனிமேல் வர வேண்டாம் என்றார். புத்தகத்தைக் கண்ணில் காட்டவில்லை. விற்றதையெல்லாம் திருப்பி வாங்கிக் கிழித்துப் போட்டாயிற்று என்றார்கள். பத்து நாளில் முதலாளியின் உறவுக்காரப் பெண் ஒருத்தி அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். அடுத்த பதிப்பிலிருந்து எல்லாவற்றிலும் அந்தப் பாரா இருக்கிறது. முதல் பதிப்பு மட்டும் முப்பத்தெட்டு வருஷமாக எங்கேயும் அகப்படவில்லை. மற்ற ஆயிரம் புத்தகமும் இதைத் தேடிப்போன வழியில் சேர்ந்தவைதான்.

"நான் அந்தப் பாராவைப் படிச்சேன். கதவுத் தாழ்ப்பாள் சத்தம் வரைக்கும் ஞாபகம் இருக்கு. ஆனா வருஷம் போகப் போக, நெஜமாவே படிச்சேனா, படிச்சதா நானே ஆசைப்பட்டு நெனச்சுக்கிட்டேனான்னு சந்தேகம் வந்துடுச்சு. உங்க மாமாகிட்டக்கூடச் சொன்னதில்ல. கல்யாணத்துக்காக அந்த அச்சகத்து வேலையை விட்டேன்னு இன்னிக்கு வரைக்கும் நெனச்சுக்கிட்டிருக்கார்."

கூடத்தில் பேப்பர் சத்தம் நின்றுபோயிருந்தது.

"ஒரு வாரம் பொறுத்தா நீங்களே பார்க்கலாமே அத்தை."

"இன்னிக்குப் பட்டது போதும். புத்தகம் போயிருந்தா எப்பவும் தெரியாமலே போயிருக்கும்." மாமியார் கையை நீட்டி மருமகளின் கையைத் தேடிப் பிடித்தார். "என் பையன் பார்த்தா, இருக்கும்மான்னுதான் சொல்லுவான். அம்மா மனசு கஷ்டப்படுமேன்னு. நீ இன்னிக்குப் போன் பண்ணி, தப்புப் பண்ணிட்டேன்னு நேராச் சொன்ன பாரு, அதனால உன்கிட்ட கேக்கறேன். இல்லேன்னா இல்லேன்னு சொல்லணும்."

"சொல்றேன் அத்தை."

"எனக்காக மாத்திச் சொல்லக் கூடாது."

"மாட்டேன்."

மாமியார் எழுந்துபோய்ப் படுத்தார். முப்பத்தெட்டு வருஷத்துப் பாரத்தை இறக்கி வைத்தவர் மாதிரி, சொட்டுமருந்து போட்டுக்கொண்ட ஐந்தாவது நிமிஷம் குறட்டை வந்துவிட்டது. மருமகளுக்குத்தான் தூக்கம் வரவில்லை. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் என்ன இருந்தது என்பதை அடுத்த வாரம் சொல்கிறேன்.